குழந்தை உழைப்பு பற்றி எழுத நூலகம் எதற்கு?

ஜூலை 3 (கேள்வி)

அக்கா, குழந்தைத் தொழிலாளர் பற்றி இருபது பக்கக் கட்டுரை எழுத வேண்டும். பத்து ஆதாரங்களாவது கல்லூரி நூலகத்திலிருந்து எடுத்தவையாக இருக்க வேண்டுமாம். எனக்கு இதில் நியாயம் தெரியவில்லை. இணையத்தில் அரை மணி நேரத்தில் முப்பது கட்டுரைகள் இறக்கிவிட்டேன். நூலகத்தில் இருப்பது முக்கால்வாசி பழைய புத்தகங்கள். சமூகப் பிரச்சினை என்பது இன்றைக்கு நடப்பது. அதைப் பழைய புத்தகத்தில் தேடு என்றால் எப்படி?

ஜூலை 3, இரவு

தம்பி, அந்த முப்பது கட்டுரைகளையும் திறந்து ஒரு வேலை செய்யுங்கள். உலகில் எத்தனை குழந்தைகள் வேலை செய்கிறார்கள் என்று ஒவ்வொன்றிலும் ஓர் எண் இருக்கும். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போங்கள். ஒன்று இன்னொன்றைக் காட்டும், அது மூன்றாவதைக் காட்டும். கடைசியில் முப்பதும் சேர்ந்து இரண்டு மூன்று மூலங்களில் போய் நிற்கும். அப்படியானால் உங்கள் கையில் இருப்பது முப்பது ஆதாரங்கள் இல்லை.

இதே தலைப்பில் 2018ல் நானும் ஒரு கட்டுரை எழுதினேன். உங்களைப் போலவே ஒரு கட்டுத் தாளோடு போய் ஆசிரியர் முன்னால் நின்றேன். அவர் ஒரு வரியைத் தொட்டு, "இதை எண்ணியது யார், எப்படி எண்ணினார்கள்?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அதற்கு அப்புறம்தான் நூலகத்தில் உட்கார ஆரம்பித்தேன்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், புத்தக அடுக்குக்கு நேராகப் போகாதீர்கள். குறிப்புதவிப் பகுதியில் சமூக அறிவியல் கலைக்களஞ்சியங்கள் இருக்கும். அதில் உங்கள் தலைப்புக்கு நாலைந்து பக்கம் இருக்கும். அதைப் படித்துவிட்டு அடியில் உள்ள நூற்பட்டியலை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு, புத்தகத்தின் முதுகில் ஒட்டியிருக்கும் எண் 360களில் தொடங்கும் அடுக்குகளுக்குப் போங்கள். 362 சமூக நலம், 363 மற்ற சமூகப் பிரச்சினைகள், 364 குற்றவியல். உங்களுடையது அங்கே கிடைக்கும்.

ஜூலை 4

நேற்று எழுதியதில் கடைசி வரி தவறு. தயவுசெய்து 362ல் போய்த் தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்பாதீர்கள்.

அந்த எண்களைத் தரும் டியூயி பகுப்பு முறையில் குழந்தை உழைப்பின் இடம் 331.31. அதாவது உழைப்புப் பொருளியலுக்குள், வயது வாரியாகத் தொழிலாளர்களைப் பிரிக்கும் இடத்தில். 1876ல் டியூயி முதன்முதலாக வெளியிட்ட முறை, காலத்துக்குக் காலம் திருத்தப்பட்டு இன்றும் நடக்கிறது. அதன் கணக்கில் வேலை செய்யும் குழந்தை முதலில் ஒரு தொழிலாளி. குழந்தை நலம் என்று எழுதிய புத்தகம் 362.7க்குப் போகும். பள்ளியை விட்டு நின்ற குழந்தை 371ல், கல்விக்குள். சட்டம் 344ல். குடும்பத்தின் வறுமை பொருளாதாரக் காரணமாகப் பேசப்பட்டால் 339.46, ஏழைகளுக்கான உதவியாகப் பேசப்பட்டால் 362.5.

ஒரே குழந்தைதான். ஐந்து அடுக்குகளில் சிதறிக் கிடக்கிறது. முதல் வாரம் நான் 362ல் மட்டும் நின்றுவிட்டு "நம் நூலகத்தில் ஒன்றும் இல்லை" என்று முடிவு கட்டினேன். இரண்டு வரிசை தள்ளி 331ல் அரை அடுக்கு நிறைய இருந்தது.

உங்கள் நூலகத்தில் எண்ணுக்குப் பதில் ஆங்கில எழுத்தில் தொடங்கும் குறி இருந்தால் அது லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் முறை. அதில் சமூக அறிவியல் முழுவதும் எச் எழுத்தின் கீழ். உழைப்பு எச்டி, குடும்பமும் பெண்களும் எச்க்யூ, சமூக நலமும் குற்றமும் எச்வி.

ஜூலை 4, மாலை

கணினியில் பட்டியலைத் தேடினால் போதாதா, நடக்க வேண்டுமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டும் வேண்டும். பட்டியல் நாம் தட்டிய சொல்லுக்கு மட்டும் பதில் சொல்லும். அடுக்கில் நின்றால் பக்கத்துப் புத்தகமும் கண்ணில் படும். எனக்கு அதிகம் உதவிய நான்கு புத்தகங்களில் மூன்று, வேறு எதையோ எடுக்கப் போன இடத்தில் கிடைத்தவை. எடுத்ததும் முன்னுரை படிக்காதீர்கள். பின்பக்கச் சொல்லடைவைப் பாருங்கள், ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஜூலை 6

இதை எழுத இரண்டு நாள் யோசித்தேன். எனக்கு நூலகம் சொல்லிக்கொடுத்ததில் பெரியது இதுதான்.

நாம் ஒரு பிரச்சினைக்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டு தேடப் போகிறோம். அந்தப் பெயர் எல்லாக் காலத்திலும் அதன் பெயராக இருந்ததில்லை. 19ஆம் நூற்றாண்டுப் பிரிட்டன் ஆலைகளைப் பற்றிய நூல்களில் 'சைல்ட் லேபர்' என்று மட்டும் தேடினால் பாதியை விட்டுவிடுவீர்கள். 1844ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் எட்டு வயதுக் குழந்தை அரை நாள் ஆலையிலும் மீதி நேரம் பள்ளியிலும் இருக்கலாம் என்றது. அந்தக் குழந்தைகளுக்கு 'ஹாஃப் டைமர்' என்று பெயர். தொழில் பழக வந்த பையன் 'அப்ரென்டிஸ்'. வீட்டு வேலைக்கு வந்த சிறுமி வெறும் 'சர்வன்ட்'. வயதைச் சொல்லாத பெயர் அது. அந்தச் சொல்லுக்குள் அவள் குழந்தை என்பதே மறைந்துவிடுகிறது.

இன்றைய வீடற்றோர் பழைய நூல்களில் 'வேக்ரன்ட்', குற்றவாளி மாதிரி. உதவி பெறும் ஏழை 'பாப்பர்'. ஆகவே ஒரு தாளை எடுத்து, உங்கள் தலைப்புக்கு எத்தனை பெயர்கள் இருந்தன என்று எழுதிக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு நல்ல புத்தகமும் அந்தத் தாளில் ஒரு புதுப் பெயரைச் சேர்க்கும். பட்டியலில் ஒரு நூலின் பதிவைத் திறந்தால் கீழே பொருட்தலைப்புகள் இருக்கும். நூலகர்கள் கொடுத்த பெயர்கள் அவை. அவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுக்குகளுக்கும் இதே கதைதான். ஓரினச் சேர்க்கை பற்றிய நூல்களை டியூயி முறை ஒரு காலத்தில் மனநோயோடு வைத்தது. இன்று இடம் 306.76, குடும்பமும் பாலுறவும் பற்றிய சமூகவியலில். அமெரிக்காவில் ஹோவர்ட் பல்கலைக்கழக நூலகர் டாரத்தி போர்ட்டர் 1930லிருந்து கறுப்பின மக்களின் எழுத்துகளைச் சேகரித்து அடுக்கியவர். வேறு நூலகங்களில் கறுப்பினக் கவிஞர் எழுதிய கவிதைக்கும் 325 என்று எண் போட்டிருந்தார்கள். 325 என்பது குடிபெயர்வும் குடியேற்றமும். அவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. கவிதையைக் கவிதையோடும் வரலாற்றை வரலாற்றோடும் வைத்தார். ஒரு நூலை அடுக்கும் இடத்தில் இவ்வளவு பெரிய நீதி இருக்கிறது என்று அதைப் படித்த அன்று மாலை நான் அடுக்குகளுக்கு நடுவே வெகுநேரம் நின்றுகொண்டிருந்தேன்.

ஜூலை 7

எண்கள். நான் தவறிய இடம், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் மதிப்பீடு: 2000ல் 24.6 கோடி, 2016ல் 15.2 கோடி, 2020ல் 16 கோடி. கடைசியாக 2024க்கு 13.8 கோடி. ஆக, 2016 வரை குறைந்து வந்தது, 2020ல் ஏறியது, மறுபடி இறங்கியது. உங்கள் முப்பது கட்டுரைகளில் சில 16 கோடியையே இன்னமும் சொல்லும். ஆண்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

2018ல் நான் எழுதிய கட்டுரையில் "குழந்தைத் தொழிலாளர் 21.8 கோடி" என்று இருந்தது. அதுவும் அதே அமைப்பின் அதே 2016 மதிப்பீட்டில் உள்ள எண்தான். நான் கண்டுபிடித்து எழுதவில்லை. ஆனால் அது வேலையில் இருந்த எல்லாக் குழந்தைகளின் எண்ணிக்கை. அதில் 15.2 கோடிதான் அவர்கள் வரையறுத்த குழந்தை உழைப்பு. அதற்குள் 7.3 கோடி அபாயகரமான வேலை. மூன்று எண்களும் ஒன்றுக்குள் ஒன்று. நான் வெளி வட்டத்தை எடுத்து உள் வட்டத்தின் பெயரைச் சூட்டிவிட்டேன். 6.6 கோடிக் குழந்தைகளை ஒரு வரியில் கூட்டிவிட்டேன் என்று தெரிந்தபோது இரவு தூக்கம் வரவில்லை.

வித்தியாசம் எங்கே என்றால் வயதிலும் நேரத்திலும். அதே அமைப்பின் 1973ஆம் ஆண்டு 138ஆம் உடன்படிக்கை பொதுவான குறைந்தபட்ச வயதைப் பதினைந்து என்று வைத்து, அதற்குக் கொஞ்சம் கீழே எளிய வேலைக்கு இடம் கொடுக்கிறது. அதனால் பன்னிரண்டு முதல் பதினான்கு வயதுக் குழந்தை ஆபத்தில்லாத எளிய வேலையை வாரம் பதினான்கு மணி நேரத்துக்குக் குறைவாகச் செய்தால் இந்த மதிப்பீடு அதைக் குழந்தை உழைப்பில் சேர்ப்பதில்லை. மிக மோசமான வடிவங்களுக்கு 1999ல் தனியாக 182ஆம் உடன்படிக்கை வந்தது. இந்த இரண்டு உரைகளையும் நேரடியாகப் படியுங்கள். நீளம் குறைவு. அவற்றைப் பற்றி மற்றவர்கள் எழுதியதைப் படிப்பதைவிட நேரம் மிச்சம்.

ஜூலை 7, இரவு

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தபோது முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன் என்று தெரிந்தது.

இந்த எண்களில் ஆண் குழந்தைகளே அதிகம். நானும் என் கட்டுரையில் "சிறுவர்கள் அதிகம் பாதிக்கப்படுகிறார்கள்" என்று தயங்காமல் எழுதினேன். சொந்த வீட்டில் சமைப்பதும், தண்ணீர் சுமப்பதும், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வதும் 'வீட்டு வேலை' என்ற தனிப் பெயரில் வெளியே நிற்கின்றன என்பது அப்போது தெரியாது. எதை உற்பத்தி என்று தேசியக் கணக்கு ஒப்புக்கொள்கிறதோ அதை ஒட்டியே முதன்மை எண்ணிக்கை. 2008ல் தொழிலாளர் புள்ளியியலாளர்களின் பன்னாட்டு மாநாடு, வேண்டுமானால் வீட்டு வேலையையும் சேர்த்து அளக்கலாம் என்று வழிவிட்டது. 2020 மதிப்பீட்டில் வாரம் 21 மணி நேரமோ அதற்கு மேலோ வீட்டு வேலை செய்யும் ஐந்து முதல் பதினான்கு வயதுக் குழந்தைகளையும் சேர்த்துப் பார்த்தார்கள். ஆண் பெண் இடைவெளி ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

நேற்று 'சர்வன்ட்' பற்றி எழுதினேன் அல்லவா. அதே சிறுமிதான் இவள். அங்கே பெயருக்குள் வயது மறைந்தது, இங்கே வரையறைக்குள் அவளே மறைந்துவிட்டாள்.

ஜூலை 9

"அப்படியானால் இணையமே வேண்டாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படிச் சொல்லவில்லை. முதல் நாள் நான் கொஞ்சம் கடுமையாக எழுதியிருக்கலாம். நூலகத்தின் பாதி இப்போது இணையத்தில்தான் இருக்கிறது. நூலகம் சந்தா கட்டும் தரவுத்தளங்கள் உங்கள் கல்லூரி அடையாள எண்ணுக்குத் திறக்கும், பல இடங்களில் வீட்டிலிருந்தே திறக்கும். பணம் கேட்டு நின்றுவிட்ட கட்டுரைகளை அங்கே போய் மறுபடி தேடிப் பாருங்கள்.

1995ல் தொடங்கிய ஜேஸ்டோர் என்ற தரவுத்தளம் பழைய ஆய்விதழ்களுக்கு மிக நல்லது. ஆனால் பல இதழ்களின் கடைசி மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் அதில் இருக்காது. அங்கே கிடைக்கவில்லை என்பதால் புதிதாக யாரும் எழுதவில்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

தேடும்போது சொற்றொடரை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். உங்கள் பெயர்த் தாளில் உள்ள சொற்களை நடுவில் 'ஆர்' (OR) போட்டு அடைப்புக்குள் வையுங்கள், இன்னொரு கருத்தை 'ஆண்ட்' (AND) போட்டுச் சேருங்கள். சொல்லின் வேருக்குப் பின்னால் நட்சத்திரக் குறி போட்டால் பல தளங்கள் அதன் எல்லா வடிவங்களையும் தேடும்.

அப்புறம், ஒரு நல்ல கட்டுரை கிடைத்தால் அதன் அடிக்குறிப்புகள் உங்களைப் பின்னால் கூட்டிப்போகும். முன்னால் போக, அதை மேற்கோள் காட்டியவர்கள் யார் என்று பாருங்கள். யூஜின் கார்ஃபீல்ட் அறிவியலுக்குச் செய்த மேற்கோள் அடைவு 1973ல் சமூக அறிவியலுக்கும் வந்தது. அன்று தடித்த அச்சுத் தொகுதிகளைப் புரட்டிய வேலை இன்று ஒரு சொடுக்கு. நீங்கள் நம்பும் கட்டுரையை மறுத்தவர்கள் அங்கேதான் கிடைப்பார்கள். அவர்களையும் படியுங்கள்.

ஜூலை 10

பழைய புத்தகம் பற்றி. உங்கள் முதல் கேள்விக்கு நான் இன்னும் நேராகப் பதில் சொல்லவில்லை.

பழையது ஆபத்தாகும் இடங்கள் உண்டு. 1998ல் லான்செட் இதழில் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் தொடர்புபடுத்தி ஒரு கட்டுரை வந்தது. 2010ல் இதழே அதைத் திரும்பப் பெற்றது. இணையப் பிரதியில் அந்தச் செய்தி பெரிதாகத் தெரியும். பைண்ட் செய்து அடுக்கில் நிற்கும் 1998ஆம் ஆண்டுத் தொகுதிக்கு அது தெரியாது. அச்சில் எடுத்த எந்த ஆய்வையும் ஒருமுறை இணையத்தில் சரிபாருங்கள். சட்டமும் அப்படியே, திருத்தப்பட்டிருக்கும்.

ஆனால் ஒரு பழைய நூல் இன்றைய நிலவரத்துக்கு உதவாது என்பதால் அது உதவாத நூல் ஆகிவிடாது. அந்தக் காலத்தில் என்ன நினைத்தார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. குழந்தைகளை வேலையிலிருந்து எடுத்தால் குடும்பம் பட்டினி கிடக்கும் என்று நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஆலை முதலாளிகள் வாதாடியதைப் படித்துவிட்டு, அதே வாதத்தை இன்றைய செய்தியில் பார்த்தேன். பழையதைப் படிக்காமல் இருந்தால் அதைப் புது யோசனை என்று நினைத்திருப்பேன்.

ஜூலை 12

நூலகரிடம் பேசினீர்களா? இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் ஒரு மாதம் பேசவில்லை. தெரியாதது வெளியே தெரிந்துவிடுமே என்ற கூச்சம். ஒரு நாள் மூடும் நேரத்தில் அவரே வந்து, "தினமும் இங்கேயே நிற்கிறாயே, என்ன தேடுகிறாய்?" என்று கேட்டார். சொன்னேன். ஐந்து நிமிடத்தில் ஒரு கதவைத் திறந்துவிட்டார். உள்ளே முந்தைய மாணவர்களின் ஆய்வேடுகள். என் தலைப்பிலேயே இரண்டு இருந்தன. அவர்கள் வீடு வீடாகப் போய் எழுதிய பேட்டிகள் வேறெங்கும் அச்சாகவில்லை.

நூலக அறிவியலாளர் ரங்கநாதன் 1931ல் நூலகத்துக்குத் தந்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமி என்பது. அவர்கள் அதற்காகவே அங்கே இருக்கிறார்கள். "குழந்தை உழைப்பு பற்றி புத்தகம் இருக்கா" என்று கேட்காதீர்கள், 331ஐக் கை காட்டிவிடுவார்கள். "வேலைக்குப் போகும் குழந்தைகள் பள்ளியை எந்த வகுப்பில் விடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும்" என்று உங்கள் கேள்வியையே சொல்லுங்கள்.

உங்கள் நூலகத்தில் இல்லாததை வேறு நூலகத்திலிருந்து இரவல் வாங்கித் தருவார்கள். எனக்கு ஒரு நூல் வர மூன்று வாரம் ஆனது. கட்டுரை கொடுக்கும் வாரத்தில் போய்க் கேட்டால் பயனில்லை, இந்த வாரமே கேளுங்கள்.

இன்னொன்று. படி எடுக்கும்போது தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் முதலில் எடுங்கள். மிக அருமையான ஒரு பத்தி என்னிடம் தாளாக இருந்தது. எந்த நூல், எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. இரண்டு நாள் தேடினேன். கடைசியில் அந்தப் பத்தி இல்லாமலே கட்டுரையைக் கொடுத்தேன். அது ஒரு தாய் தன் மகளைப் பற்றிச் சொன்னது. அதை விட்டதற்கு இன்னும் வருத்தப்படுகிறேன்.

ஜூலை 16

தலைப்பை மாற்றிவிட்டேன் என்கிறீர்கள்! வீட்டு வேலை செய்யும் சிறுமிகள், அந்த 21 மணி நேரம். படித்ததும் மகிழ்ச்சியாக இருந்தது. நான் எழுதாமல் விட்டது அதுதான்.

331.31ல் நான்கு நூல்களே கிடைத்தன என்பதில் ஆச்சரியம் இல்லை. உங்கள் சிறுமியை அந்த அடுக்கு தொழிலாளியாக எண்ணவில்லை. 305.23ல் குழந்தைகள் பற்றிப் பாருங்கள், 331.4ல் பெண் தொழிலாளர். தரவுத்தளத்தில் 'டைம் யூஸ்', 'அன்பெய்ட் கேர் ஒர்க்', 'ஹவுஸ்ஹோல்ட் சோர்ஸ்' (chores) என்று மூன்றையும் போடுங்கள். நேரப் பயன்பாட்டு ஆய்வுகளில் ஒரு நாளின் 24 மணி நேரமும் எப்படிப் போனது என்று கேட்டு எழுதியிருப்பார்கள். சில ஆய்வுகள் மிகச் சிறு வயதுக் குழந்தைகளைக் கேட்பதே இல்லை. எந்த வயதிலிருந்து கேட்டார்கள் என்பதை முதலில் பாருங்கள்.

அப்புறம் 640க்குப் போங்கள். ஆம், மனையியல். சமூகப் பிரச்சினை தேடி அங்கே யாரும் போவதில்லை. தூசி படிந்த பழைய பாடநூல்கள் இருக்கும். ஒரு பெண் எந்த வயதில் எந்த வேலையைப் பழக வேண்டும் என்று அவற்றில் வரிசையாக எழுதியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அதை உழைப்பு என்று எழுதியிருக்க மாட்டார்கள். 'பயிற்சி' என்று எழுதியிருப்பார்கள், 'பொறுப்பு' என்று எழுதியிருப்பார்கள். உங்கள் பெயர்த் தாளில் இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தலைப்புப் பக்கத்தைப் படி எடுக்க மறக்காதீர்கள், பதிப்பு ஆண்டு தெளிவாக விழுந்திருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள்.